மூன்று மணி மருந்து

தில்லியில் தை பிறக்கும் நாள்களில் விடியல் பெயரளவில்தான் வரும். மூடுபனி விலகி வெயில் தலைகாட்டுவதற்குப் பத்து மணியும் ஆகும், பதினொன்றும் ஆகும். அக்குளிரில் குடியிருப்புப் பகுதிகளில் வாழும் பூனைகள் வெதுவெதுப்பைத் தேடி அலையும். இரவு வந்து நின்ற காரின் எந்திரப் பகுதி நெடுநேரம் சூடாக இருக்கும். அடிப்புறமாக ஏறி அந்தச் சூட்டில் சுருண்டு படுத்துக்கொள்வது அவற்றின் வழக்கம். காலையில் வண்டியைக் கிளப்புகிறவருக்கு உள்ளே ஓர் உயிர் உறங்குவது தெரியாது.

பொட்டு அப்படித்தான் அடிபட்டது.

வெள்ளை உடம்பு, நெற்றியில் மட்டும் கறுப்பாக ஒரு வட்டம். அரசு ஊழியர் குடியிருப்பின் முதல் மாடியில் வசித்த தமிழ்க் குடும்பத்தார் அதற்குப் ‘பொட்டு’ என்று பெயரிட்டிருந்தனர். அண்டை வீட்டார் ‘பிந்தி’ என்று அழைத்தனர். இரண்டும் ஒரே பொருளைத் தரும் சொற்கள். பூனைக்கு அது தெரியுமோ தெரியாதோ, எந்தப் பெயரில் அழைத்தாலும் வாலை உயர்த்திக்கொண்டு ஓடிவரும்.

எதிர்வீட்டுக்காரர் அன்று காலை வண்டியைக் கிளப்பியதும் ஓர் அலறல் கேட்டது. உடனே நிறுத்தினார். எனினும், எந்திரத்தின் வார்ப்பட்டை பூனையின் இடது பின்னங்காலைப் பிடித்து இழுத்துவிட்டது. அவர் கைகள் நடுங்கின. அதே காரில் அவரே பூனையையும், அதைத் துண்டில் சுற்றி மடியில் வைத்திருந்த எட்டாம் வகுப்புச் சிறுமியையும், அவள் அப்பாவையும் கால்நடை மருத்துவமனைக்கு அழைத்துச் சென்றார்.

காலைக் காப்பாற்ற வழியில்லை என்று மருத்துவர் கூறினார். எலும்பு பல துண்டுகளாகியிருந்தது, தோலும் சதையும் பெரும்பகுதி போய்விட்டன, நரம்பும் அறுபட்டிருந்தது. காலை அகற்ற வேண்டும். இல்லையேல் அமைதியாக உறங்கவைத்து உயிரை முடித்துவிடலாம். இரண்டில் எது என்பதை வீட்டார்தாம் சொல்ல வேண்டும்.

அப்பா வீட்டுக்குத் தொலைபேசியில் சொன்னபோது பாட்டி தயங்கினார். தஞ்சை மாவட்டத்துச் சிற்றூரில் அறுபது ஆண்டுகள் வாழ்ந்தவர் அவர். அங்கே பூனைகள் இருந்தன. பூனைக்கு அறுவை மருத்துவம் என்பதை அவர் கேள்விப்பட்டதில்லை.

“நாலு காலோடு பிறந்த வாயில்லா உயிர். மூன்று காலோடு அதை இழுத்துக்கொண்டு திரியவிடுவது பாவமில்லையா, தம்பி?” என்று கேட்டார்.

அப்பா அக்கேள்வியை அப்படியே மருத்துவரிடம் இந்தியில் கேட்டார். அந்த அம்மையார் அதைக் கேட்டுப் புன்னகைக்கவில்லை. நியாயமான கேள்வி என்றே எடுத்துக்கொண்டார். பூனை தன் எடையில் ஏறத்தாழ 60 சதவீதத்தை முன்னங்கால்களில் தாங்குகிறது. பின்னங்கால் ஒன்று போனால் மற்ற மூன்றும் சில வாரங்களில் பழகிக்கொள்ளும் என்று விளக்கினார். “போன காலை எண்ணி அது மனிதரைப்போல் வருந்திக்கொண்டிராது. அதற்கு வேண்டியது வலியில்லாமல் இருப்பது. அறுவையை நான் செய்துவிடுவேன். வலியைப் பார்த்துக்கொள்வது உங்கள் வேலை. அதற்கு ஆள் இருக்கிறார்களா?” என்று கேட்டார்.

அப்பா பதில் சொல்லுமுன் சிறுமி, “இருக்கிறோம்” என்றாள்.

முதல் நாள் அறுவை நடைபெறவில்லை. அதிர்ச்சியில் இருக்கும் உடலை உடனே மயக்கத்தில் ஆழ்த்துவது ஆபத்தானது. வலி தணிக்கும் ஊசி போட்டு, இரத்தக்குழாய் வழியே நீர் செலுத்தி, ஓர் இரவு காத்திருந்தனர். மறுநாள் தொடையின் மேற்பகுதியோடு காலை அகற்றினர். காயம் முழங்காலுக்குக் கீழே இருக்கும்போது இவ்வளவு மேலே ஏன் வெட்ட வேண்டும் என்று சிறுமிக்கு ஐயம் எழுந்தது. அடிக்கட்டை நீளமாக இருந்தால் பூனை அதை ஊன்ற முயலும். தரையில் மோதி மோதிப் புண்ணாகும். ஆகையால், எதுவும் எஞ்சித் தொங்காதபடி அகற்றுவதே நல்லது.

மேலும் இரண்டு நாள் கழித்துப் பொட்டு வீடு திரும்பியது. இடுப்பின் ஒருபுறம் மயிர் மழிக்கப்பட்டு, வரிசையாகத் தையல்கள். கழுத்தில் கூம்பு வடிவில் ஞெகிழிப் பட்டை; தையலை நக்கிப் பிரித்துவிடாமல் இருப்பதற்காக. எதிர்வீட்டுச் சிறுவர்கள் அதைப் பார்த்துத் தாமரைப் பூவுக்குள் பூனை என்றார்கள்.

சாமான் அறையை ஒழித்துப் பூனைக்குக் கொடுத்தனர். ஏறிக் குதிக்கும்படியான எதையும் அங்கே வைக்கவில்லை. வழுவழுப்பான தரையில் மூன்று கால்கள் வழுக்கும் என்பதால் கோணிச் சாக்குகளை விரித்தனர். வெந்நீர்ப் பையைத் தடித்த துணியில் சுற்றி ஒரு மூலையில் வைத்தனர். சூடு மிகுந்தால் விலகிப் படுக்க மறு மூலையும் இருந்தது. மலம் கழிக்கும் தட்டின் விளிம்பை அப்பா தாழ வெட்டிக் கொடுத்தார். மணல் தையலில் ஒட்டும் என்பதால் செய்தித்தாளைக் கிழித்துப் போட வேண்டியிருந்தது. இந்தி நாளிதழும் ஆங்கில நாளிதழும் தாராளமாகக் கிழிந்தன. மாதம் ஒருமுறை ஊரிலிருந்து வரும் தமிழ் இதழ்களைத் தொடக்கூடாது என்று பாட்டி சொல்லிவிட்டார்.

மருந்து இரண்டு. ஒன்று, மெலாக்சிகம் என்னும் வீக்கம் தணிக்கும் நீர்மருந்து. நாளுக்கு ஒருமுறை, உணவுக்குப்பின், சில நாள்கள் மட்டும். மற்றொன்று, நரம்பு வலிக்கான கபாபென்டின். பூனையின் எடையை நிறுத்து, அதற்கேற்ற அளவைச் சிறு சிறு பொட்டலங்களாக மடித்துக் கொடுத்திருந்தனர். காலை ஏழு மணி, பிற்பகல் மூன்று மணி, இரவு பதினொரு மணி என எட்டு மணிக்கு ஒருமுறை ஒரு பொட்டலம். ஏழு மணி மருந்து அம்மாவின் பொறுப்பு. பதினொரு மணி மருந்து அப்பாவுடையது. மூன்று மணிக்குப் பெற்றோர் இருவரும் அலுவலகத்தில் இருப்பர். எனவே, பள்ளி விட்டு வரும் சிறுமி அதை ஏற்றுக்கொண்டாள்.

மருத்துவர் மூன்று எச்சரிக்கைகளையும் தந்தார். பூனை இரண்டு நாள் சேர்ந்தாற்போல் உண்ணாவிட்டால் உடலின் கொழுப்பு ஈரலில் சேர்ந்து வேறொரு நோயாக மாறிவிடும். ஆகவே, உண்ணவில்லை என்றால் காத்திருக்காமல் சொல்ல வேண்டும். மனிதர் உண்ணும் வலி மாத்திரை எதையும் கொடுக்கவே கூடாது. மூன்றாவது, பூனையின் முகத்தை நாள்தோறும் படிக்க வேண்டும்.

முகத்தைப் படிப்பதா? சிறுமி வியந்தாள்.

நாய் வலித்தால் முனகும், குழந்தை அழும். பூனையோ வலியை மறைக்கும் பிராணி. காட்டில் தனித்து வாழ்ந்த அதன் மூதாதையர் நலிவை வெளிக்காட்டினால் பெரிய விலங்குக்கு இரையாகியிருக்கும். அந்தப் பழக்கம் மெத்தையில் படுத்திருக்கும் வீட்டுப் பூனையையும் விடவில்லை. கனடா நாட்டின் மாண்ட்ரியல் பல்கலைக்கழகத்துக் கால்நடை மருத்துவ ஆய்வாளர்கள் 2019இல் இதற்கு ஓர் அளவையை வெளியிட்டனர். காது, கண், வாய்ப்புறம், மீசை, தலையின் நிலை என ஐந்தை நோக்க வேண்டும். காதுகள் முன்னோக்கி நிமிர்ந்திருந்தால் சுழி. தாழ்ந்து வெளிப்புறம் திரும்பியிருந்தால் இரண்டு. கண்கள் திறந்திருந்தால் சுழி, இடுங்கியிருந்தால் இரண்டு. வாய்ப்புறம் இறுகியிருக்கிறதா, மீசை வளைவை இழந்து விறைத்து முன்னே நீள்கிறதா, தலை தோளுக்குக் கீழே தொங்குகிறதா என்று இவ்வாறே மதிப்பிட வேண்டும். பத்துக்கு நான்கோ அதற்கு மேலோ வந்தால் மருந்து போதவில்லை என்று பொருள். விழித்து அமைதியாக இருக்கும் பூனைக்கே இந்த மதிப்பெண். உறங்கும் பூனைக்கும் உண்ணும் பூனைக்கும் மதிப்பெண் இடுவதில்லை.

சிறுமி ஒரு குறிப்பேடு தொடங்கினாள். மருந்து நேரம், உணவு, முக மதிப்பெண், எச்சரிக்கைகள் ஆகிய அனைத்தையும் ஆங்கிலத்தில் எழுதினாள். தமிழை அவள் பள்ளியில் விருப்பமொழியாகப் படித்துவந்தாள். ஆயினும், அவசரத்துக்குக் கைக்கு வருவது ஆங்கிலமே. அக்குறிப்பேடு சாமான் அறைக் கதவில் ஓர் ஆணியில் தொங்கியது. பகல் முழுவதும் பூனையுடன் இருந்தவர் பாட்டி. அவருக்கு ஆங்கிலம் தெரியாது. இதை அப்போது எவரும் எண்ணிப் பார்க்கவில்லை.

வீட்டுக்கு வந்த மூன்றாம் நாள் முதன்முறையாக நல்ல வெயில் அடித்தது. சிறுமி பள்ளியிலிருந்து வந்தபோது சன்னல் வழியே விழுந்த வெயிலில் பொட்டு ஆழ்ந்து உறங்கிக்கொண்டிருந்தது. அடிபட்ட நாளிலிருந்து அவ்வளவு நிம்மதியாக அது தூங்கி அவள் பார்த்ததில்லை. எழுப்பி, வாயைத் திறந்து, கசப்பு மருந்தைப் புகட்ட அவளுக்கு மனம் வரவில்லை. வலி இருந்தால் தூங்குமா என்று தனக்குத்தானே கேட்டுக்கொண்டாள். குறிப்பேட்டில் ஐந்து சுழிகளை இட்டாள். பொட்டலம் டப்பாவிலேயே இருந்தது.

மாலை ஆறு மணிக்குப் பூனை விழித்தது. ஏழு மணிக்குத் தட்டை முகர்ந்து பார்த்துவிட்டுத் திரும்பிக்கொண்டது. எட்டு மணியளவில் வெந்நீர்ப் பையை விட்டு விலகி, சுவரைப் பார்த்தபடி முதுகைக் கூனிக் குந்தியிருந்தது. காதுகள் இருபுறமும் சரிந்திருந்தன. கண்கள் கீற்றாகச் சுருங்கியிருந்தன. ஆனால், தொண்டையிலிருந்து ‘கொர் கொர்’ என்ற ஒலி வந்துகொண்டிருந்தது.

“கொஞ்சுகிறதே, நன்றாகத்தானே இருக்கிறது?” என்றார் அம்மா. மகிழ்ச்சியில் மட்டுமன்றி வேதனையிலும் பூனைகள் அவ்வொலியை எழுப்பும். அம்மா தொடுவதற்குக் கை நீட்டியதும் பொட்டு சீறியது. அது ஒருபோதும் அம்மாவைச் சீறியதில்லை.

பாட்டியால் பொறுக்க முடியவில்லை. தம் அறைக்குச் சென்றார். சற்று நேரத்தில் ஒரு கிண்ணத்துடன் வந்தார். காய்ச்சலுக்கும் மூட்டுக் குடைச்சலுக்கும் அவர் உண்ணும் பாரசிட்டமால் மாத்திரையில் பாதியைப் பொடித்து, வெதுவெதுப்பான பாலில் கரைத்திருந்தார். முழங்கால் வலியைப் பொருட்படுத்தாமல் பூனையின்முன் குனிந்தார்.

“என்ன பாட்டி அது?”

“ஒன்றுமில்லை கண்ணு. எனக்குக் கேட்கிற மருந்து. இதற்கும் கேட்கட்டுமே என்றுதான். பாதிதான் போட்டேன்.”

சிறுமி கிண்ணத்தைத் தட்டிவிட்டாள். பால் கோணியில் சிந்தியது. பெரியவர் கையிலிருந்ததைத் தட்டிவிடுவது அந்த வீட்டில் நடக்கக்கூடிய செயலன்று. அப்பா அதட்ட வாயெடுத்தவர், அவள் முகத்தைப் பார்த்து நிறுத்திக்கொண்டார். சிறுமி விரைந்து கோணியைச் சுருட்டி எடுத்துக்கொண்டு போய் வெளியே போட்டாள். பூனை அதை நக்கிவிடக் கூடாதல்லவா? பிறகுதான் அழுதாள்.

மனிதரின் ஈரல் பாரசிட்டமாலை எளிதாகப் பக்குவப்படுத்தி வெளியேற்றிவிடும். பூனையின் ஈரலில் அதற்கான நொதி போதிய அளவு இல்லை. தங்கிவிடும் மருந்து நஞ்சாகி, இரத்தம் உயிர்வளியைச் சுமக்க முடியாமல் செய்துவிடும், ஈறுகள் நிறம் மாறும், முகம் வீங்கும், மூச்சுத் திணறும். ஒரே ஒரு மாத்திரை ஒரு பூனையைக் கொல்லப் போதுமானது.

அப்பா மருத்துவரைத் தொலைபேசியில் அழைத்தார். மூன்று மணி மருந்து கொடுக்கப்படவில்லை என்பதைச் சிறுமியே சொன்னாள். அவர் கடிந்துகொள்ளவில்லை. தவறிய மருந்தை உடனே ஒரு வேளை அளவு மட்டும் கொடுக்கச் சொன்னார். விட்டதற்கும் சேர்த்து இரண்டாகக் கொடுக்கக் கூடாது, அடுத்தது காலையில்தான் என்று கண்டிப்பாகக் கூறினார். “தூங்கியது முந்தைய மருந்தின் பலத்தால். அந்தப் பலம் தீருமுன் அடுத்ததைக் கொடுத்துவிட வேண்டும். வலி மூண்ட பிறகு அதை அடக்குவது கடினம்” என்றார்.

அன்றிரவு மணி பத்து வரை பொட்டு அப்படியே குந்தியிருந்தது. பிறகு தலையைத் தரையில் சாய்த்தது. மறுநாள் விடியற்காலையில்தான் உணவில் வாய் வைத்தது. எதிர்வீட்டுக்காரர் உப்பும் வெங்காயமும் சேர்க்காமல் வேகவைத்து நாள்தோறும் அனுப்பும் கோழிக்கறி அது. வெங்காயமும் பூண்டும்கூடப் பூனைக்கு ஆகாதவை.

பாட்டி அந்த இரவு எதுவும் பேசவில்லை. காலையில் குறிப்பேட்டை ஆணியிலிருந்து எடுத்து வந்து, மூக்குக் கண்ணாடியை மாட்டிக்கொண்டு, ஒவ்வொரு பக்கமாகப் புரட்டினார்.

“இதிலே அந்த மாத்திரை கூடாதென்று எழுதியிருக்கிறதா?”

“எழுதியிருக்கிறது, பாட்டி. முதல் பக்கத்திலேயே.”

“மூன்று மணிக்கு மருந்து என்றும் இருக்கிறதா?”

“இருக்கிறது.”

“நான் நாள் முழுவதும் இதன் எதிரேதான் உட்கார்ந்திருக்கிறேன்” என்றார் பாட்டி. வேறெதுவும் சொல்லவில்லை.

அன்று மாலை சிறுமி புதிய பக்கத்தில் தமிழில் எழுதத் தொடங்கினாள். முதல் வரி இவ்வாறு அமைந்தது: ‘பொட்டுக்கு இன்று வழி குறைவு.’

பாட்டி படித்துவிட்டுச் சிரித்தார். அடிபட்ட நாளுக்குப் பின் அவ்வீட்டில் எழுந்த முதல் சிரிப்பு அது. “அம்மாடி, வழி குறைவென்றால் பாதை குறுகல் என்று ஆகிவிடும். உடம்பில் வருவது வலி.” சிவப்பு மையால் திருத்தினார். அடுத்த நாள் சிறுமி ‘வளி’ என்று எழுதினாள். அது காற்று. மூன்றாம் நாள் சரியாக எழுதினாள்.

பாட்டியும் எழுதலானார். பகல் பொழுதின் குறிப்புகள் அவருடையவை. ‘காது நேராக உள்ளது. மீசை தளர்வு. ஒன்றரை மணிக்குத் தண்ணீர் குடித்தது. மூன்று மணி மருந்து கொடுத்தாயிற்று.’ சிறுமி வருவதற்குச் சற்றுத் தாமதமானாலும் மருந்து காத்திருக்கவில்லை.

வலி என்ற ஒரு சொல்லோடு வந்த சிறுமிக்குப் பாட்டியிடமிருந்து வேறு பல சொற்கள் கிடைத்தன. பல் கூசும், கண் உறுத்தும், கால் உளையும், மூட்டு குடையும், புண் எரியும், வயிறு கடுக்கும், தலை இடிக்கும், கட்டி விண்விண்ணென்று தெறிக்கும். இவை யாவும் வலிதான். ஆயினும், ஒன்றைச் சொல்லுமிடத்தில் மற்றொன்றைச் சொல்ல முடியாது. வாய் உள்ளவர்களுக்கு இத்தனை சொற்கள் இருக்க, பொட்டுக்கு இரண்டு காதுகளும் ஒரு மீசையுமே இருந்தன.

ஒன்பதாம் நாள் புதிதாக ஒன்று நிகழ்ந்தது. அமைதியாகப் படுத்திருந்த பூனை திடுமெனத் துள்ளி எழுந்தது. பின்னால் யாரோ தீண்டியதுபோல் திரும்பி, கால் இருந்த இடத்தை வெறித்துப் பார்த்தது. கூம்புப் பட்டை தடுக்க, அவ்விடத்தை நக்க முயன்றது. அங்கே எதுவும் இல்லை. பாட்டி குறிப்பேட்டில், ‘இல்லாத காலில் விண்ணென்று தெறிக்கிறதுபோலும்’ என்று எழுதியிருந்தார்.

மருத்துவரிடம் அப்பா அதை மொழிபெயர்த்துச் சொன்னபோது, சரியாகக் கண்டிருக்கிறார் என்றார் அவர். வெட்டுண்ட நரம்பின் முனை இன்னும் செய்தி அனுப்பிக்கொண்டிருக்கும். கால் அங்கேயே இருப்பதாக மூளை எண்ணிக்கொள்ளும். கை கால் இழந்த மனிதர்க்கும் இது உண்டு. அந்தப் பொடி மருந்து முதன்மையாக இதற்கே. அதைச் சில நாள்கள் நீட்டித்து, பின்னர் ஒரேயடியாக நிறுத்தாமல் சிறிது சிறிதாகக் குறைத்தார்.

பதினான்காம் நாள் தையல்கள் பிரிக்கப்பட்டன. கூம்புப் பட்டையும் கழன்றது. விடுபட்ட பொட்டு முதலில் செய்தது, அரைமணி நேரம் தன்னை நக்கிக்கொண்டதுதான். நடையில் ஒரு தத்தல் இருந்தது. ஓட்டத்தில் அதுவும் தெரியவில்லை. மூன்று காலில் உடல் கனத்தால் எஞ்சிய மூட்டுகள் தேயும் என்பதால், எதிர்வீட்டுக் கோழிக்கறி மட்டும் அளவோடு நின்றது. எதிர்வீட்டுக்காரருக்கு அதில் வருத்தம். காலையில் வண்டியைக் கிளப்புமுன் காரின் முன்மூடியை இரண்டு முறை பலமாகத் தட்டுவதை அவர் வழக்கமாக்கிக்கொண்டார். அதைப் பார்த்துக் காவலாளியும் ஒவ்வொரு காரையும் தட்டத் தொடங்கினார். அக்குடியிருப்பில் சிலருக்கு அந்த ஓசை இன்றும் எரிச்சல் தருகிறது.

ஒன்று மட்டும் பொட்டுக்குப் பழகவில்லை. இடது காது அரிக்கும்போது அது உட்கார்ந்து தலையைச் சாய்க்கும். இடுப்பின் இடப்புறத்தில் மயிர் முளைத்து மூடிய தசை வேகமாகத் துடிக்கும். கால் இருந்தால் காதைச் சொறிந்திருக்கும். சற்று நேரம் அவ்வாறு துடித்துவிட்டு, ஒன்றும் நிகழாமையால் எழுந்து பாட்டியிடம் வந்து தலையை நீட்டும்.

மருந்துகள் முடிந்துவிட்டபின் குறிப்பேட்டில் எழுத வேண்டிய தேவை இல்லை. ஆயினும், ஆணியில் அது தொங்கிக்கொண்டிருந்தது. பகலில் பாட்டி எழுதுவதும் நிற்கவில்லை. பள்ளி விட்டு வந்த சிறுமி ஒரு நாள் எடுத்துப் பார்த்தாள்.

‘மூன்று மணி. மருந்து இல்லை. இடது காது சொறிந்துவிட்டேன். இன்னும் வேண்டுமாம்.’